லயன்ஸ் 2023 டிராஃப்ட்: தப்பு 12-லா, 96-லா?

நாலாம்_டவுன்

2025 ஆகஸ்ட். அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்-ல் நம்ம டெட்ராய்ட் லயன்ஸின் 53 பேர் பட்டியல் வந்தாச்சு. பந்தை எறியுற குவார்ட்டர்பேக் ஹெண்டன் ஹூக்கர் இல்லை, பிராட்ரிக் மார்ட்டினும் இல்லை. 2023 டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் வரிசைப்படி எடுக்கிற தேர்வில், மூணாம் சுற்றுல எடுத்த ரெண்டு பேரும் ஒரே வெட்டில் வெளியே. (12, 96-ன்னு வர்ற எண்கள் அந்த வரிசையில் உள்ள இடம், அதாவது பிக்.) அந்த டிராஃப்டுக்கு ரெண்டு சீசன் முடிஞ்சு மூணாவது தொடங்கப்போகுது. மார்க் போட இதுதான் சமயம். டிராஃப்ட் நடந்த கான்சாஸ் சிட்டியில் மேடை இறங்குறதுக்குள்ள போட்ட மார்க்கை எல்லாம் மறந்துடுங்க.

அன்னிக்கு திட்டு வாங்கினது ரெண்டு விஷயம். 12-ல் ஜமீர் கிப்ஸ், அதாவது பந்தை வாங்கி ஓடுற ஒரு ரன்னிங் பேக். 18-ல் ஜாக் கேம்பல், அதாவது டிஃபன்ஸின் நடுவில நிக்கிற ஒரு உள் லைன்பேக்கர். 2022-ல் லீகிலேயே அதிக யார்டு விட்டுக்கொடுத்த டிஃபன்ஸ் நம்மளோடது. அப்படி இருக்க முதல் சுற்றுல பந்து பிடிக்கிற ரிசீவரை மறிக்கிற ஒரு கார்னரோ, ஓரத்திலிருந்து குவார்ட்டர்பேக்கைத் துரத்துற ஒரு எட்ஜோ எடுக்காம இந்த ரெண்டு பொசிஷனான்னு கேட்டாங்க. கேள்வி நியாயமானதுதான். ஆனா குறி தப்பு.

6-லிருந்து 12-க்கு இறங்கின டீலை முதல்ல பாருங்க. அரிசோனாவுக்கு நாம கொடுத்தது 6, 81. வாங்கினது 12, 34, 168. 90-களின் தொடக்கத்தில் டல்லாஸில் ஜிம்மி ஜான்சன் காலத்தில் வந்த பழைய மதிப்புப் பட்டியல்படி 6-க்கு 1600, 81-க்கு 185, மொத்தம் 1785. இந்தப் பக்கம் 12-க்கு 1200, 34-க்கு 560, 168-க்கு சுமார் 24, மொத்தம் 1784. தராசு முள் அசையல. 12-ல் கிப்ஸ், 34-ல் தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்யுற டைட் எண்ட் சாம் லபோர்ட்டா. அதாவது பழைய குவார்ட்டர்பேக் ஸ்டாஃபர்டைக் கொடுத்து ராம்ஸ்கிட்ட வாங்கின கடைசி முதல்சுற்று பிக் ரெண்டா உடைஞ்சு, அஃபென்ஸில் தினமும் ஆடுற ரெண்டு பேராச்சு.

45-ல் பாஸைத் தடுக்கிற டிஃபென்சிவ் பேக் பிரையன் பிராஞ்ச். அதுக்கு 48-லிருந்து மூணு இடம் ஏற 159-ஐ சேர்த்துக் கொடுத்தோம். அந்த 159 எங்கிருந்து வந்துச்சு? 2020-ல் 3-வது ஆளா எடுத்த ஜெஃப் ஒகூடாவை அட்லாண்டாவுக்குத் தள்ளி வாங்கினது. வீணாப்போன ஒரு பிக்கின் மிச்சத்தை வச்சு ஒரு நல்ல பிக்கைப் பிடிச்சதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

இப்ப 96. இங்கதான் நான் முட்டிக்கிறேன். 6-லிருந்து இறங்கினப்போ வந்தது 168. ஹாக்கன்சனை மின்னசோட்டாவுக்குக் கொடுத்து வாங்கின 55-ஐ 63 ஆக்கினப்போ கான்சாஸ் சிட்டி கொடுத்தது 122. அந்த 63-ஐ 68 ஆக்கினப்போ டென்வர் கொடுத்தது 139. மூணு தடவை படி இறங்கிச் சேர்த்த சில்லறை மொத்தத்தையும் ஒரே மூச்சில் அரிசோனாகிட்ட கொட்டி 96-க்கு ஏறினாங்க. வெஸ்டர்ன் கென்டக்கி கல்லூரியின் நோஸ் டேக்கிள், அதாவது டிஃபன்ஸ் லைனின் நடுவில நிக்கிற, மார்ட்டினுக்காக. பட்டியல்படி 96-க்கு 116, நாம கொடுத்தது சுமார் 110. கணக்கு சுத்தம். ஆனா ரெண்டு வருஷத்தில் அவர் களமிறங்கின ஆட்டங்களை ஒரு கை விரலில் எண்ணிடலாம்.

என் மார்க்: முதல் நாலு பிக்குக்கு A, மூணாம் சுற்றுக்கு F. சேர்த்தா A மைனஸ். வாங்க, அடிங்க.

சம்பளக்கணக்கு

அண்ணே, A மைனஸ் ஓகே. ஆனா 12-ஐ இவ்வளவு சுலபமா தாண்டிப் போயிடக்கூடாது. "கிப்ஸ் நல்லா ஆடுறார், அதனால பிக் சரி"ன்னு சொன்னா விலைக் கணக்கே வேண்டாம்னு ஆயிடும்.

12-வது பிக்கின் நாலு வருஷ ஒப்பந்தம் சுமார் 17.8 மில்லியன் டாலர். 2011-லிருந்து புதுமுகச் சம்பளம் இடத்தை வச்சு முடிவாகுது. எந்தப் பொசிஷன்னு பார்க்குறதில்ல. ஆக வருஷத்துக்கு நாலரை. டிராஃப்டின் லாபம் எதுன்னா, அதே தரத்து ஆளை வெளிச்சந்தையில் வாங்க ஆகுற விலைக்கும் இந்த நாலரைக்கும் நடுவில இருக்குற வித்தியாசம். 2023-ல் ரன்னிங் பேக்கில் உச்சம் மெக்காஃப்ரி, வருஷத்துக்கு 16 மில்லியன். உள் லைன்பேக்கரில் ரோக்குவான் ஸ்மித், 20. எட்ஜில் நிக் போசா, 34. அதாவது உங்க ரன்னிங் பேக் லீகிலேயே முதல் ஆளா வந்தாலும் மிச்சம் பதினொண்ணு, பன்னிரண்டு. எட்ஜ் முதல் ஆளா வந்தா மிச்சம் முப்பதுக்குப் பக்கம்.

இது கிப்ஸ் மேல குறை இல்ல. கடையில் மலிவா கிடைக்குற சாமானை ஏலத்தில் ஏன் எடுக்கணும்னுதான் கேள்வி. அதே மார்ச்சில்தான் டேவிட் மான்ட்கோமரியை மூணு வருஷம் 18 மில்லியனுக்கு வாங்கியிருந்தோம். முதல் சீசனில் அவர் 1015 யார்டு, 13 டச்டவுன். கடைச் சாமானே அந்த வேலையைச் செஞ்சுது.

ஃபோர்ட்ஃபீல்ட்_மூலை

@சம்பளக்கணக்கு தம்பி, சூத்திரம் சரி. ஆனா அதில் "அந்த எட்ஜ் முதல் ஆளா வந்தா"ன்னு ஒரு வார்த்தை ஒளிஞ்சிருக்கு. 2023-ல் அந்தப் பக்கத்தில் போன எட்ஜ்களை வரிசையா பாரு. 7-ல் டைரி வில்சன்: முதல் வருஷம் 3.5 சாக் (பந்தை எறியுறதுக்குள்ள குவார்ட்டர்பேக்கை வீழ்த்துறது), அடுத்த வருஷம் 4.5. 13-ல் லூகஸ் வான் நெஸ்: 4, அப்புறம் 3. 15-ல் வில் மெக்டொனால்ட்: 3, அப்புறம் 10.5. மூணில் ஒண்ணுதான் தேறிச்சு, அதுவும் ரெண்டாம் வருஷம். முப்பது மில்லியன் மிச்சம் காகிதத்தில் இருக்கும். ஆளுக்கு ஆள் பெருக்கிப் பார்த்தா அது சுருங்கிடும்.

மான்ட்கோமரியும் கிப்ஸும் ஒரே சாமான் இல்ல. கிப்ஸ் அலபாமாவில் கடைசி வருஷம் 44 கேட்ச், 444 யார்டு. 40 யார்டை 4.36-ல் ஓடினவர். லைன்பேக்கர் அவரைப் பின்தொடர முடியாம எதிரணி ஒரு டிஃபென்சிவ் பேக்கை உள்ளே கொண்டுவந்தா, அந்த இலகுவான ஆளை முட்டித் தள்ள மான்ட்கோமரி வருவார். டிஃபன்ஸ் எந்த ஆட்களோட நிற்கணும்னு முடிவு பண்ண விடாம அடிக்கிறதுதான் அப்ப அஃபென்ஸ் கோச்சா இருந்த பென் ஜான்சன் வச்ச வேலை.

ஆனா முதல் ஏழு வாரத்துக்கு உன் பக்கமும் நியாயம் இருக்கு. கான்சாஸ் சிட்டியோட முதல் ஆட்டத்தில் கிப்ஸுக்கு 7 ஓட்டம்தான், 42 யார்டு. மான்ட்கோமரி காயத்தில் வெளியே இருந்த ரெய்டர்ஸ் ஆட்டத்தில்தான், அக்டோபர் கடைசியில, 26 ஓட்டம், 152 யார்டு. அந்த ராத்திரிக்கு அப்புறம்தான் பங்கு சமமாச்சு. சீசன் முடிவில் 945 யார்டு, 10 டச்டவுன், கூட 52 கேட்ச். 2024-ல் 1412 யார்டு, தரையில் 16, மொத்தம் 20 டச்டவுன். வைக்கிங்ஸுக்கு எதிரான கடைசி வார ஆட்டத்தில் மட்டும் நாலு.

புதுசா_வந்தவன்

ஒரு சின்ன சந்தேகம், கோவிச்சுக்காதீங்க. ஐந்தாம் வருஷ ஆப்ஷன்னு எல்லாரும் சொல்றாங்களே, அது கிப்ஸுக்கு இருக்கா, லபோர்ட்டாவுக்கு இருக்கா? 34-வது பிக்கும் கிட்டத்தட்ட முதல் சுற்றுதானே?

சம்பளக்கணக்கு

கோபமெல்லாம் இல்ல. நாலு வருஷ ஒப்பந்தத்தை அணி இன்னொரு வருஷம் நீட்டிக்கிற உரிமை அது, முதல் சுற்றுக்கு மட்டும்தான் உண்டு. அந்த வருஷம் மயாமியின் முதல்சுற்று பிக்கை லீக் பறிச்சதால் முதல் சுற்றில் 31 பேர்தான், 32-லிருந்தே ரெண்டாம் சுற்று. கிப்ஸுக்கும் கேம்பலுக்கும் ஆப்ஷன் உண்டு, லபோர்ட்டாவுக்கும் பிராஞ்சுக்கும் கிடையாது.

மூணாவது சீசன் முடிஞ்சு மே மாதத் தொடக்கத்துக்குள்ள அணி முடிவு சொல்லணும். எடுத்துட்டா அந்த ஐந்தாம் வருஷச் சம்பளம் முழுசும் உறுதி. காயம்பட்டாலும் கொடுத்தே ஆகணும். தொகைக்கு நாலு படி. முதல் மூணு வருஷத்தில் ரெண்டு தடவை அசல் வாக்கில் ப்ரோ பௌல் (லீகின் நட்சத்திர ஆட்டம்) போயிருந்தா அந்தப் பொசிஷனுக்கான ஃப்ரான்சைஸ் டேக் (ஆளை ஒரு வருஷம் பிடிச்சு வைக்கக் கொடுக்கிறது) தொகை. ஒரு தடவைன்னா அதைவிடக் குறைவான ட்ரான்ஸிஷன் டேக் தொகை. ப்ரோ பௌல் இல்லாம நிறைய ஆடியிருந்தா அந்தப் பொசிஷனின் 3-லிருந்து 20 வரைக்குமான சம்பளங்களின் சராசரி. அதுவும் இல்லைன்னா 3-லிருந்து 25 வரை. யாரோ விலகினதால் மாற்று ஆளா உள்ளே போன ப்ரோ பௌல் கணக்கில் வராது. நிறைய பேர் சறுக்குறது இங்கதான்.

சொந்த வாயாலேயே என் கட்சிக்கு எதிரா ஒண்ணு சொல்லிடுறேன். ரன்னிங் பேக் சந்தை மலிவா இருக்குறதால் இந்த ஆப்ஷனும் மலிவு. 2023-ல் ரன்னிங் பேக் டேக் 10.1 மில்லியன்தான். கிப்ஸ் எடுக்கப்பட்டப்போ வயசு 21. ஐந்தாம் வருஷம்னா 2027, அப்ப 25. கால் தேயுற வயசு வர்றதுக்குள்ள அணி கையில் ஐந்து வருஷம். முதல் சுற்றுல ரன்னிங் பேக் எடுக்க ஒரே நல்ல காரணம் இதுதான்னு நினைக்கிறேன். டச்டவுன் எண்ணிக்கையை வச்சு வாதாடாதீங்க, இதை வச்சு வாதாடுங்க.

பேக்கர்ஸ்_பக்கம்

கிரீன் பே பேக்கர்ஸ் ரசிகன், வேடிக்கை பார்க்க வந்தேன். பிராஞ்சை உங்களுக்கு வித்ததே நாங்கதான்னு யாரும் சொல்லல பாருங்க. சொந்தப் பிரிவு எதிரிக்கே 45-ஐக் கொடுத்து 48, 159 வாங்கி, அந்த 48-லிருந்தும் இறங்கி 50-ல் ஜேடன் ரீடை எடுத்தோம். முதல் வருஷமே 64 கேட்ச், 793 யார்டு, 8 டச்டவுன். பழைய பட்டியலில் 45-க்கு 450, 48-க்கு 420, 159-க்கு 28 சொச்சம். ரெண்டு பேரும் ஏமாறல.

வயிற்றெரிச்சல் வேற இடத்தில். 34-ல் நீங்க லபோர்ட்டா, 42-ல் நாங்க லூக் மஸ்க்ரேவ். ரெண்டும் டைட் எண்ட்.

நாலாம்_டவுன்

@பேக்கர்ஸ்_பக்கம் வாங்க சார், உட்காருங்க. ரீட் நல்ல பிக், மறுக்கல.

லபோர்ட்டா விஷயத்தில் ஒண்ணு. புதுமுக டைட் எண்ட் ஏன் வழக்கமா திணறுவார்னா அவர் ரெண்டு பள்ளிக்கூடத்தில் படிக்கணும். லைனோட சேர்ந்து யாரைத் தடுக்கணும்ங்கிற பாடம் ஒண்ணு, ரிசீவரோட சேர்ந்து ரூட் பாடம் ஒண்ணு. முதல் வருஷம் ரெண்டுலயும் அரைகுறையா நிக்கிறதுதான் வழக்கம். லபோர்ட்டா 86 கேட்ச் பிடிச்சு, 1988-லிருந்து கீத் ஜாக்சன் பேரில் இருந்த புதுமுக டைட் எண்ட் சாதனையான 81-ஐ உடைச்சார். 889 யார்டு, 10 டச்டவுன். அடுத்த வருஷமே ப்ராக் பவர்ஸ் 112 பிடிச்சு அதையும் உடைச்சது வேற கதை. ரெண்டாம் வருஷம் 60 கேட்ச், 726 யார்டுன்னு இறங்கினதை வச்சு "சரிஞ்சுட்டார்"னு எழுதுறாங்க. எனக்கு அப்படித் தோணல. பந்து ஒண்ணுதான், கிப்ஸுக்கும் ஜேமிசன் வில்லியம்ஸுக்கும் பங்கு கூடிச்சு.

அயோவாவில் அவர் கடைசி வருஷம் 58 கேட்ச் எடுத்திருந்தும் டச்டவுன் ரொம்பக் கம்மி. அணியின் அஃபென்ஸே அங்க படுத்துக்கிடந்துச்சு. கல்லூரி டச்டவுன் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஒதுக்கியிருந்தா கோட்டை விட்டிருப்போம்.

ஃபோர்ட்ஃபீல்ட்_மூலை

பிராஞ்ச் ஏன் 45 வரைக்கும் சரிஞ்சார்னு கேக்குறவங்களுக்கு: 40 யார்டு 4.58 நொடி. பின்னால காவல் நிக்கிற ஒரு சேஃப்டிக்கு மெதுவு. அலபாமாவில் அவர் ஆடினது "ஸ்டார்"னு அவங்க சொல்ற இடம். உள்பக்கம் நிக்கிற ஸ்லாட் ரிசீவருக்கு நேர் எதிரே, பாதி கார்னர், பாதி லைன்பேக்கர். ரெண்டு பொசிஷனுக்கு நடுவில நிக்கிறவனை எந்த அறையில் பட்டியல் போடுறதுன்னு தெரியாம பல அணிகள் கீழே தள்ளிடும். ஆனா இன்னிக்கு பாதிக்கு மேல ஸ்னாப் (ஒவ்வொரு பந்தும்) மூணு ரிசீவரை எதிர்த்துத்தான், அந்த இடத்தில் ஆடுற நிக்கல் ஒரு முழு ஸ்டார்ட்டர்.

முதல் ஆட்டத்தின் அந்த ஒரு பந்தை திரும்பப் போட்டுப் பாருங்க. மூணாம் குவார்ட்டர், கான்சாஸ் சிட்டி 14-7. மஹோம்ஸ் கடேரியஸ் டோனிக்கு எறியுறார். பந்து டோனியின் கையில் பட்டுத் தெறிக்குது. அதிர்ஷ்டம்னு சொல்லலாம். ஆனா தெறிச்ச பந்து விழுற இடத்தில் பிராஞ்ச் ஏற்கெனவே இருக்கார், முகம் பந்துப் பக்கம். ஆளை மட்டும் பார்த்து ஓடுறவனுக்கு அந்தப் பந்து முதுகில்தான் படும். 50 யார்டு ஓடி 14-14. கடைசியில் 21-20 நமக்கு. ஒரு புள்ளி வித்தியாசம்.

குறையும் சொல்லணும். வேகத்தோட தலை தாழ்த்திப் பாயுற பழக்கம் போகல. 2024 நவம்பரில் லாம்போ ஃபீல்டில் போ மெல்டனை அடிச்சதுக்கு வெளியே அனுப்பினாங்க. ஒரு ஆட்டத்தின் பெரும்பகுதி நிக்கல் இல்லாம ஆடுறது சின்ன விலை இல்ல.

சம்பளக்கணக்கு

கேம்பலைப் பத்தி யாருமே பேசல. அதுவே ஒரு பதிலா எடுத்துக்கலாமா?

ஃபோர்ட்ஃபீல்ட்_மூலை

இல்ல தம்பி, அவரைப் பத்திப் பேச டேப் (ஆட்ட வீடியோ) வேணும், எண் போதாது. முதல் வருஷம் 95 டேக்கிள், ஆனா படிக்கிறதில் ஒரு அரை நொடி தாமதம். கார்டு (எதிரணி லைன் ஆள்) முன்னால வந்தா ரன், பின்வாங்கினா பாஸ்னு பார்க்கணும். ப்ளே ஆக்‌ஷனில் கார்டு ரன் மாதிரியே முன்னால வந்து ஏமாத்துவார், கேம்பல் ரெண்டு அடி முன்னே போவார், பந்து அவர் தலைக்கு மேல போகும். 2024-ல் அது நின்னுச்சு. மத்த லைன்பேக்கர்களில் டெரிக் பார்ன்ஸ் மூணாம் வாரத்திலேயே முட்டிக் காயம், அன்சலோன் நவம்பரில் கை முறிஞ்சு வெளியே. ஹெல்மெட்டில் பச்சைப் புள்ளி கேம்பலுக்கு வந்துச்சு.

பச்சைப் புள்ளின்னா ஹெல்மெட்டுக்குள்ள ரேடியோ இருக்குன்னு அர்த்தம். டிஃபன்ஸில் களத்தில் ஒரு நேரத்தில் ஒருத்தருக்குத்தான். கோச் சொல்றது 15 நொடி மிச்சம் இருக்கும்போது தானா அறுந்துடும். அதுக்கப்புறம் எதிரணி ஆளை நகர்த்தினா பத்து பேருக்கும் இவர்தான் கத்தணும். 131 டேக்கிளைவிட எனக்கு அதுதான் பெருசு. ஆனா 18-ல் எடுக்கணுமான்னு கேட்டா, நான் வாயை மூடிக்கிறேன். அதுக்கு ஒரு இடம் முன்னால, 17-ல், கிறிஸ்டியன் கொன்சாலஸ் போயிட்டார். 12-ல் நாம எடுத்திருக்கக்கூடிய கார்னர். 2024-ல் ரெண்டாம் அணி ஆல்-ப்ரோ (அந்த வருஷத்துச் சிறந்த ஆட்டக்காரர் பட்டியல்).

பேக்கர்ஸ்_பக்கம்

6-லேயே இருந்திருந்தா டிஃபென்சிவ் டேக்கிள் ஜேலன் கார்ட்டர் கிடைச்சிருப்பார். 9-ல்தான் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனார். அதைச் சொல்லாம A மைனஸா?

நாலாம்_டவுன்

சொல்றேன் சார். கார்ட்டர் உள்ளே நின்னு தள்ளியிருந்தா நம்ம டிஃபன்ஸ் வேற மாதிரி இருந்திருக்கும், மறுக்கல. 2024 அக்டோபரில் டல்லாஸில் நம்ம எட்ஜ் ஹட்சின்சன் கால் முறிஞ்சப்புறம் பாஸ் ரஷ் யாருன்னு தேடினோம். அவரை எடுத்திருந்தா கிப்ஸ், லபோர்ட்டா ரெண்டு பேரும் இல்ல, அதையும் சேர்த்து எடை போடுங்க. என்னைக் கேட்டா ரெண்டு பேர் பக்கம். ஆனா இது எனக்கே அறுபது நாப்பதுதான்.

"177-ல் ரிசீவர் ப்யூக்கா நாகுவா இருந்தார், 168-ஐ வச்சிருந்தா"ன்னு தனிச்செய்தியில் ஒருத்தர் எழுதியிருக்கார். நாகுவாவை 32 அணியும் நாலு சுற்றுக்கு மேல தாண்டிப் போச்சு, ராம்ஸ் உட்பட. அப்படித் தேடினா எந்த டிராஃப்டும் தேறாது. 96-ல் என் புகார் அது இல்ல. அரிசோனா அந்த மூணு பிக்கில் எடுத்த யாரும் பெரிய ஆளா வரல, அதுவும் உண்மை. புகார் என்னன்னா, ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் ஆடுவார்னு தெரிஞ்ச ஒரு ஆளுக்கு மூணு லாட்டரிச் சீட்டை ஒரு சீட்டா சுருக்கினது. நாலாம், ஐந்தாம் சுற்றில் தேறுறவங்க கம்மி. அங்க எண்ணிக்கைதான் பலம். ரிசீவர் அமோன்-ரா செயின்ட் பிரவுனை 112-ல் எடுத்தவர் நம்ம பொது மேலாளர் பிராட் ஹோம்ஸ். முந்தின வருஷம் 97-ல், கிட்டத்தட்ட இதே இடத்தில், ஏறாம இறங்காம சேஃப்டி கெர்பி ஜோசஃபை எடுத்தார். 2024-ல் அவருக்கு 9 இன்டர்செப்ஷன் (எதிரணி பாஸைப் பறிச்சது).

சம்பளக்கணக்கு

இதில் நான் அண்ணன் பக்கம். ஒரு தடவைன்னா விபத்துன்னு விட்டுடலாம். 2024-ல் கனடாவிலிருந்து ஜியோவானி மானுவுக்கு, 126-க்கு ஏற, அடுத்த வருஷத்து மூணாம் சுற்று போச்சு. 2025-ல் ஐசக் டெஸ்லாவுக்கு 70-க்கு ஏற 2026-ன் மூணாம் சுற்று ரெண்டு போச்சு. டெஸ்லா தேறலாம், அது வேற. மூணு வருஷம் தொடர்ந்து ஒரே பழக்கம்: முதல் ரெண்டு சுற்று முடிஞ்சப்புறம் ஹோம்ஸ் ஒரு ஆள் மேல ஆசை வந்து ஏறுவார்.

புதுசா_வந்தவன்

ஹூக்கர் கதை என்ன? அவரும் தப்பான பிக்கா?

ஃபோர்ட்ஃபீல்ட்_மூலை

தப்பான பிக் இல்ல, தப்பான வயசு. 2022 நவம்பரில் டென்னசிக்கு ஆடும்போது முட்டியில் ஏ.சி.எல் தசைநார் கிழிஞ்சுது. டிராஃப்ட் அன்னிக்கே 25 வயசு. முதல் வருஷம் முட்டி ஆற வைக்கவே போச்சு. ரெண்டாம் வருஷம் நம்ம முதல் குவார்ட்டர்பேக் கோஃபுக்குப் பின்னால பயிற்சியில் பந்தே கைக்கு வராது. ஸ்டார்ட்டர்தான் பெரும்பாலான ஸ்னாப் எடுப்பார். குவார்ட்டர்பேக் வளர்றது அந்த ஸ்னாப்பில்தான். 2024 டிசம்பரில் ப்ளேஆஃபுக்கு முன்னால, உயர்நிலைப்பள்ளி கோச்சா இருந்த டெடி பிரிட்ஜ்வாட்டரைத் திரும்பக் கூப்பிட்டப்போவே இவர் கதை முடிஞ்சுது. 2025 கோடையில் இன்னொரு மாற்று குவார்ட்டர்பேக் கைல் ஆலன் அவரைத் தாண்டினார்.

68-ல் ஒரு குவார்ட்டர்பேக் சீட்டு வாங்கிப் பார்க்கிறதை நான் குறை சொல்லமாட்டேன். 25 வயசு, அறுந்த முட்டி, முன்னால உறுதியான ஸ்டார்ட்டர், மூணும் ஒண்ணா இருக்கிற சீட்டைத்தான் வாங்கியிருக்கக்கூடாது.

சம்பளக்கணக்கு

திருத்தின மார்க்: கிப்ஸ் B பிளஸ், லபோர்ட்டா A, பிராஞ்ச் A, கேம்பல் B. மூணாம் சுற்றுக்கு F-தான். ரன்னிங் பேக் ஸ்விஃப்டை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்து வந்த 219, ஆன்ட்வான் கிரீன், கணக்கில் எடுக்கல. மொத்தம் B பிளஸ். கிப்ஸின் ஆப்ஷனை எடுத்து 2027-ஐயும் கையில் வச்சுக்கிட்டா 2026 மே மாசம் வந்து அவர் மார்க்கை A ஆக்குறேன். அதுக்கு முன்னாடியே உச்ச சம்பளத்துக்குப் புது ஒப்பந்தம் போட்டா B ஆக்குவேன்.

நாலாம்_டவுன்

மே மாசம் இதே இழையை மேலே இழுக்கிறேன். அதுவரைக்கும் A மைனஸ்தான்.